பக்கவாட்டில் தள்ளும் கூரை

லண்டன் கோட்டையின் வெள்ளைக் கோபுரத்துக்குள், இரண்டாம் மாடியில் புனித யோவான் சிற்றாலயம் இருக்கிறது. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த, வட பிரான்சின் நார்மண்டியைச் சேர்ந்த வில்லியம் எழுப்பத் தொடங்கிய கோபுரம் அது. வேலையை மேற்பார்த்தவர் ராச்செஸ்டர் ஆயர் குண்டுல்ஃப். நார்மண்டியின் கான் பகுதியில் வெட்டிய வெளிர்நிறக் கல்லைக் கடல் கடந்து கப்பலில் கொண்டுவந்தார்கள்.

உள்ளே போனதும் அண்ணாந்து பார்க்க வேண்டும். பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்த மாதிரி ஒரு கல் கூரை. ரோமனெஸ்க் எனப்படும் இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியின் உயிர்நாடி இதுதான். அத்தனை கல்லும் எப்படி விழாமல் நிற்கிறது?

ஓர் அட்டையை வில்லாக வளைத்து மேசைமேல் நிறுத்தி, உச்சியில் விரலால் அழுத்திப் பாருங்கள். இரு கால்களும் விலகி ஓடும். சரி, இரண்டு பக்கமும் கனமான புத்தகங்களை அணைத்து வைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள், அட்டை அசையாது. கல் வளைவும் அப்படித்தான். கட்டும்போது மரத்தால் சென்ட்ரிங் அடித்து, அதன்மேல் கற்களை அடுக்குவார்கள். மரத்தை எடுத்ததும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் அந்தப் பாரம் நேராகக் கீழே இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். அதுவும் அரைப் பீப்பாய்க் கூரையில், சுவரின் நீளம் முழுக்கத் தள்ளும்.

அந்தப் புத்தகங்களின் வேலையை இங்கே பார்ப்பவை நடுக்கூடத்தைச் சுற்றிவரும் பக்கவழியும் அதன்மேல் உள்ள மாடமும். இரண்டுக்கும் கல் கூரைதான். அவை நடுக்கூரையின் தள்ளலுக்குத் தோள் கொடுத்து, கோபுரத்தின் தடித்த வெளிச்சுவரிடம் சேர்க்கின்றன. அடிப்பகுதியில் அந்தச் சுவரின் கனம் ஏறக்குறைய நாலரை மீட்டர்! பக்கவழியில் இரண்டு அரைப் பீப்பாய்கள் குறுக்கே வெட்டிக்கொள்வதால், பாரம் நான்கு மூலைகளுக்கு ஒதுங்கிவிடும். அதனால் அங்கே தொடர்ச்சுவர் வேண்டியதில்லை, தூண்களே போதும்.

நடுக்கூடத்துக்கென்று தனிச் சன்னல் கிடையாது. பக்கவழியிலும் மாடத்திலும் நுழையும் வெளிச்சம், பருத்த உருளைத் தூண்களுக்கு இடையே வடிந்துதான் வந்து சேரும். அந்த மங்கல் எனக்கு மிகவும் பிடிக்கும். தூண்களின் தலைப்பையும் கவனியுங்கள்: சிலவற்றில், ஆங்கில T எழுத்துப் போன்ற எளிய சிலுவை வடிவம், வேறு அலங்காரம் அதிகமில்லை.

1503இல் ஏழாம் ஹென்றி மன்னரின் மனைவியான அரசி எலிசபெத் இறந்தபோது அவர் உடலை இங்கேதான் வைத்தார்கள். அப்புறம் பல காலம், 19ஆம் நூற்றாண்டு வரைக்கும், இதே கூரைக்கடியில் அரசு ஆவணங்கள் குவிந்து கிடந்தன.