மண்ணை மூடுகிற காலடி

கார்த்திகை மாதம், மழை விட்டு இரண்டு நாள் கழித்து, குன்றக்குடிப் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையிலிருந்து இறங்கிப் பொட்டல் வழியே நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் புல் தரை காய்ந்திருக்கும். நடுவில் ஆள் நடக்கிற ஒத்தையடித் தடத்தில் மட்டும் குதிகால் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். தடத்திலும் புல் தரையிலும் பெய்தது ஒரே மழைதான். தடத்து மண்ணால் அதைக் குடிக்க முடியவில்லை.

நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதிதான் மண். மீதி வெற்றிடம். அதில் காற்றும் நீரும் இருக்கும், புழுக்கள் போட்ட வழியும் வேர் செத்துப்போன துளையும் இருக்கும். நாம் மிதிக்கும்போது முதலில் நசுங்குவது பெரிய துளைகள். மழைநீரை வேகமாக உள்ளே இறக்குவதும், இளம் வேருக்கு வழி விடுவதும் அந்தப் பெரிய துளைகள்தான். அவை மூடிவிட்டால் நீரும் இறங்காது, விதையும் ஊன்றாது.

இதை ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தே பார்த்துவிடலாம். தடத்தின் நடுவில் பாதிச் சொம்பை ஊற்றுங்கள். மீதியை நாலடி தள்ளி, காரைப் புதரின் அடியில் ஊற்றுங்கள். புதரடியில் ஊற்றியது இலைச்சருகைத் தாண்டி உள்ளே போய்விடும். தடத்தில் ஊற்றியது கொஞ்ச நேரம் பளபளவென்று நின்று, பிறகு தாழ்வான பக்கம் பார்த்து மெல்ல ஓடத் தொடங்கும். அந்த ஓட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

வெறும் காலுக்கு அவ்வளவு பலமா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது கிலோ ஆள் அடியெடுத்து வைக்கும்போது முதலில் தரையைத் தொடுவது குதிகால். அந்த நொடியில் அவர் எடை முழுக்க முப்பது சதுர சென்டிமீட்டர் இடத்தில் இறங்கினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ. கார் டயரில் காற்று அடிக்கிற அழுத்தமும் கிட்டத்தட்ட அதேதான். மாட்டின் குளம்பு இதைவிட மோசம். எடை பல மடங்கு, குளம்போ சின்னது. ஈர மண்ணில் சேதம் இன்னும் கூடும். மண் துகள்களுக்கு நடுவே நீர் வழுக்கலாக நிற்பதால் அவை எளிதில் நகர்ந்து ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சேதத்தின் பெரும்பகுதி முதலில் நடக்கிற சில பேர் காலடியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆயிரம் பேர் அதே தடத்தில் நடந்தாலும் கூடுதல் கெடுதல் கொஞ்சம்தான், மண் ஏற்கெனவே இறுகிப்போயிற்று. ஆனால் அதே ஆயிரம் பேர் சேற்றுக்கு அஞ்சி ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுங்கினால், ஒரு தடம் பத்துத் தடமாகிவிடும். சின்ன வயதில் அப்பத்தாவோடு கோயில்காட்டுக்குப் போகும்போது, செருப்பில் சேறு படாமலிருக்க நான் ஓரமாகப் புல்லில் ஏறி நடப்பேன். "தடத்துலயே வாய்யா, ஓரத்தை மிதிக்காதே" என்பார். பாம்புக்குப் பயந்து சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். பாம்பும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காட்டில் பாலை மரமும் காசா மரமும் இன்றைக்கும் தடத்தை ஒட்டியே நிற்கின்றன என்றால், யாரும் ஓரத்தை மிதிக்காததும் அதற்கு ஒரு காரணம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

சரி, அந்தச் சொம்புத் தண்ணீருக்கு வருவோம். மண்ணை இறுக்குவது கால். அதை அறுத்து எடுத்துப் போவது நீர். ஐப்பசி, கார்த்திகையில் விழும் பெரிய மழைத்துளி ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். மேலே இலை இல்லாத தடத்தில் அது நேராக விழுந்து மண் துகளைத் தெறிக்கவைக்கும். உள்ளே இறங்க வழியில்லாத நீர் தெறித்த துகளையும் சேர்த்துக்கொண்டு தடத்தின் வழியாகவே ஓடும். சரிவு கூடினால் வேகம் கூடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை, கணக்குப்படி, 64 மடங்காகிறது. மலையில் நேராக ஏறும் குறுக்குவழிகள் இரண்டு மூன்று மழையிலேயே வாய்க்காலாகிவிடுவது இதனால்தான். சரிவை நேராக வெட்டாமல் அணைத்துக்கொண்டு சாய்வாக ஏறும் தடத்தில், மேலிருந்து வரும் நீர் குறுக்கே கடந்து கீழே போய்விடும். தடத்தின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது தடம் அமைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

செட்டிநாட்டுச் சமவெளியில் இந்த நீர் மோதுவது செம்புராங்கல்லோடு. வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் நாட்டில், மழைநீர் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போய்விட, இரும்பும் அலுமினியமும் தங்கிச் சிவந்து இறுகியது அது. பிரான்சிஸ் புக்கானன் கேரளத்தில் இதைப் பார்த்து, 1807-இல் வெளியான தம் பயண நூலில், செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று பெயர் வைத்தார். பெயர் பொருத்தம்தான். தோண்டும்போது மிருதுவாக வெட்டவரும், காற்றுப் பட்டுக் காய்ந்தால் இறுகிவிடும். இந்தத் தடங்களில் மழை மெல்லிய மண்ணைக் கழுவிவிட்டு இரும்புச் சரளையை மட்டும் மேலே விட்டுவைக்கும். இறக்கத்தில் கால் சறுக்குவது இந்த உருண்டைகளால்தான். சைக்கிள் பேரிங் குண்டு போல அடியில் உருளும்.

பிரான்மலையில் ஏறும்போது கதை மாறுகிறது. பாரி ஆண்ட பறம்பு என்று சொல்லப்படும் மலை அது. அங்கே பல இடங்களில் காலடியில் இருப்பது பாறைதான். இப்படிப்பட்ட கெட்டிப் பாறைகள் பூமிக்குள் வெகு ஆழத்தில், பெரும் பாரத்தின் கீழே உருவானவை. மேலே இருந்த பாரம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போனதும் பாறை கொஞ்சம் விரிந்து, வெங்காயச் சருகு போல மேற்பரப்புக்கு இணையாக வெடிக்கிறது. நம் பக்கத்துக் குன்றுகள் பல வழவழவென்று உருண்டு நிற்பதற்கு இதுவே காரணம். சில இடத்தில் தட்டினால் உள்ளே கூடு போலச் சத்தம் கேட்கும். அங்கே ஒரு அடுக்கு விட்டுப்போயிருக்கிறது, ஓரத்தில் நிற்க வேண்டாம். மற்றபடி காய்ந்த கருங்கல் காலுக்கு நல்ல பிடிமானம். அதிலுள்ள குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும் மிகக் கடினமானவை. எளிதில் தேயாமல் சொரசொரப்பாகவே இருக்கும்.

சுண்ணாம்புப் பாறை நாட்டில் நடப்பவர்களுக்கு இந்தப் பிடிமானம் கிடைக்காது. நமக்கு அந்தப் பாறையைப் பார்க்க அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம் அது. அதன் குணத்தைத் தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுச் சுவரைத் தடவினால் போதும். கடல் சிப்பியைச் சுட்டு, நீற்றி, அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் அது. சுடும்போது சிப்பியை விட்டுப் போன கரியமில வாயுவை, பூசிய பிறகு சுண்ணாம்பு காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கடைசியில் அது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புப் பாறையும் அதே பொருள்தான். கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்கச் சுவர் கண்ணாடியானது போல, அந்த நாட்டுத் தடங்களில் நூற்றாண்டுகளாக நடந்த பாதங்கள் பாறையை மெருகேற்றிவிடுகின்றன. மழை பெய்தால் அது சோப்புப் போட்ட தரை.

அங்கே நீரும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மண்ணிலிருந்து கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்த மழைநீர், வெடிப்புகளில் இறங்கிப் பாறையையே கரைக்கும். வெடிப்பு குழியாகும், குழி குகையாகும். ஆந்திரத்தின் போரா குகைகள் அப்படி உண்டானவை. ஓடை ஒன்று நடந்துகொண்டிருக்கும்போதே தரைக்குள் காணாமல் போகும். ஆகவே அந்த நாட்டில் தண்ணீர் பார்த்த இடத்திலேயே பாட்டிலை நிரப்பி, காய்ச்சியோ வடிகட்டியோ குடிக்க வேண்டும். மண்ணில் வடியாமல் வெடிப்பு வழியே வந்த நீர் தெளிவாகத் தெரிந்தாலும் சுத்தமாக இருக்காது. நம் ஊரணி போல மேலேயே காத்திருக்கவும் செய்யாது.