மேனுவல் என்றால் கையேடு. ஆனால் எந்தக் கையேடு?

தொழில்நுட்ப எழுத்தாளர் எழுதித் தரும் எதையும் ‘மேனுவல்’ என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் அது கையேடு. சொல்லாக்கத்தில் குறை இல்லை. லத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை. மேனுவல் அதிலிருந்து வந்தது. கிரேக்கர்கள் கைநூலுக்கு வைத்த ‘எங்கெய்ரிடியோன்’ என்ற பெயருக்குள்ளும் கை உண்டு. ஆனால் இந்த மூன்று சொற்களும் நூலின் உருவத்தைத்தான் சொல்கின்றன. உள்ளே இருப்பது என்ன வகை எழுத்து என்று சொல்வதில்லை.

யுனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைப் பாருங்கள். அதன் முதல் மேனுவல் 1971 நவம்பர் 3 தேதியிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் கட்டளையின் பெயர், எழுதும் முறை, விளக்கம், தெரிந்த பிழைகள் என ஒரே வரிசை. கட்டளையை அறிந்தவர் மறந்துபோன ஒன்றைச் சரிபார்க்க இது அருமையான அமைப்பு; புதியவர் இதை முதலிலிருந்து படித்துக் கற்பது கடினம். அதனால் இதற்கு ஏற்ற பெயர் உசாத்துணை. உசாவுதல் என்றால் கேட்டு அறிதல். ‘ரெஃபரன்ஸ்’ என்பதை மேற்கோள் என்று பெயர்ப்பது பிழை. மேற்கோள் பிறர் கூற்றை எடுத்துக் காட்டுவது.

வழிகாட்டி என்று பெயர் வைத்தால், போய்ச் சேரும் இடம் ஒன்று இருக்க வேண்டும். ‘நிறுவல் வழிகாட்டி’ சரி. ‘மென்பொருள் வழிகாட்டி’ எங்கே கொண்டுபோகிறது? இந்த வகையில் ஒரு படிக்கு ஒரு செயல்தான். எச்சரிக்கை அந்தப் படிக்கு முன்னால் வர வேண்டும். ‘மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு’ என்பது மூடியைக் கழற்றச் சொன்ன வரிக்குக் கீழே இருந்தால், படிப்பவர் அதற்குள் கழற்றியிருப்பார்.

டுடோரியலை, அதாவது பயிற்சிப் பாடத்தை, வழிகாட்டியோடு கலப்பவர்கள் அதிகம். ‘டியூட்டர்’ என்ற சொல்லுக்கு லத்தீனில் காப்பாளர் என்று பொருள். பயிற்சிப் பாடத்திலும் அந்தக் காப்புப் பொறுப்பு எழுதுபவருடையது: மாற்று வழிகளை அடுக்காமல், எந்தப் படியும் தோற்காத ஒரே பாதையில் கூட்டிப்போக வேண்டும். வழிகாட்டியைத் திறப்பவரோ தன் வேலையோடு வருகிறார். அவருக்கு மாற்று வழிகள் தேவைப்படும்.

விவரக்குறிப்பு பொருளைச் செய்பவர்களுக்கானது, பெரும்பாலும் பொருளுக்கு முன்பே எழுதப்படுவது. வெளியீட்டுக் குறிப்பு இந்தப் பதிப்பில் மாறியதை மட்டும் சொல்லும்.

2005இல் ஓயாசிஸ் என்ற செந்தர அமைப்பு ஏற்ற ‘டிடா’ என்ற தொழில்நுட்ப எழுத்து முறை, நூலை விட்டுவிட்டு ஒவ்வொரு தலைப்பையும் வகைப்படுத்தியது: கருத்து, பணி, உசாத்துணை. அப்படிப் பார்த்தால் ஒரே கையேட்டுக்குள் மூன்றும் இருக்கலாம். கையேடு என்பதை அட்டைக்கு விட்டுவிட்டு, உள்ளே பகுதிகளுக்கு வகைப்பெயர் வைப்பதே நல்லது.

இவை அனைத்துக்கும் பொதுப்பெயராக ‘ஆவணம்’ புழங்குகிறது. ‘டாக்குமெண்ட்’டின் வேர் ‘டோகேரே’, கற்பித்தல் என்று பொருள். எழுத்துச் சான்று என்ற பொருள் பிறகு ஏறியது. தமிழ் ஆவணமோ சான்றின் பக்கமே நிற்கும் சொல். பெரியபுராணத்தில் சுந்தரர் வழக்கில் ஆட்சி, ஆவணம், காட்சி என்ற மூன்று சான்றுகளில் ஒன்றாக வருகிறது. பத்திரத்துக்கும் பதிவுக்கும் அது பொருந்தும். அச்சுப்பொறியில் மை மாற்றச் சொல்லித்தரும் தாளுக்குச் சற்றுக் கனமானது. இங்கே ‘பயன்பாட்டுத் தகவல்’ பொருந்தும். பயன்பாட்டுக் குறிப்புகளை எழுதுவதற்கான பன்னாட்டுச் செந்தரமான ஐஈசி/ஐஈஈஈ 82079-1இன் 2019 பதிப்பும் தன் தலைப்பில் இதே பொருளுள்ள சொல்லைத்தான் வைத்திருக்கிறது.