ஸ்டான்ஸ்: வாளாட்டங்களில் ‘நிலை’ என்னும் சொல்

வாள்வீச்சை மையமாகக் கொண்ட வீடியோ கேம்களைத் தமிழில் விளக்க முற்படும்போது தடுமாற வைக்கும் சொற்களுள் ஒன்று, ஆயுதமேந்தி நிற்கும் முறையைக் குறிக்கும் ‘ஸ்டான்ஸ்’. அகராதி தரும் ‘நிலைப்பாடு’, ஒரு சிக்கலில் கட்சியோ அரசோ மேற்கொள்ளும் கருத்தைக் குறிப்பது. வாளேந்தி நிற்பவனுக்கு அது பொருந்தாது. ‘தோரணை’ என்பதோ பார்வைக்குத் தெரியும் மிடுக்கைச் சொல்கிறதே தவிர, அந்த நிற்பிலிருந்து எந்த வெட்டு பிறக்கும் என்பதைச் சொல்வதில்லை.

கேம்களில் இச்சொல்லுக்கு உள்ள பொருளை அறிய, டீம் நிஞ்சா நிறுவனம் உருவாக்கி 2017இல் வெளிவந்த ‘நியோ’ நல்ல சான்று. அதில் வாளை மேலே ஓங்கியும், உடலுக்கு நடுவே முன்னே நீட்டியும், கீழே தாழ்த்தியும் பிடிக்கும் மூன்று நிற்புகள் உண்டு. ஒரே பொத்தானை அழுத்தினாலும் ஒவ்வொரு நிற்பிலும் வெவ்வேறு வெட்டு விழும். ஓங்கிய வாள் பெருங்காயம் விளைவிக்கும், ஆனால் ‘கி’ என்னும் மூச்சாற்றலை விரைவில் தின்றுவிடும். நடுவில் பிடித்த வாள் தடுப்பதற்கு ஏற்றது. தாழ்த்திய வாள் விரைந்து வெட்டவும் விலகவும் இடம் தரும். புள்ளிகளைச் செலவிட்டுக் கற்கும் வாள்வித்தைகளுள் பல இம்மூன்றில் ஏதேனும் ஒன்றோடு பிணைந்தவை என்பதால், எந்த வித்தையைக் கற்பது என்னும் கேள்வி, எப்படி நின்று போரிட விரும்புகிறோம் என்னும் கேள்வியாகவே மாறிவிடுகிறது. வெட்டி முடித்த கணத்தில் தக்க நொடி பார்த்துப் பொத்தானை அழுத்தினால் இழந்த மூச்சில் ஒரு பகுதி மீளும். உரிய திறனைக் கற்றவர் அதே நொடியில் நிற்பையும் மாற்றினால் இன்னும் கூடுதலாக மீளும். ஆகவே ஒன்றிலேயே ஊன்றி நிற்பவரைவிட, மாறி மாறி நிற்பவருக்கே இந்த கேம் கைகொடுக்கிறது.

‘ஸ்டான்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், நிற்றலைக் குறிக்கும் ‘ஸ்தாரே’ என்ற லத்தீன் வினை. செய்யுட்பகுதியைக் குறிக்கும் ‘ஸ்டான்ஸா’வும் அதன் உறவுச் சொல்லே. தமிழில் ‘நில்’ என்னும் வினையிலிருந்து ‘நிலை’ பிறந்தது. தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே வழியில் நடந்து ஒரே பொருளை அடைந்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. ஸ்டான்ஸுக்கு ஜப்பானியர் வழங்கும் ‘கமாயே’ வேறு வழியில் வந்தது; அதன் வினைக்கு ஆயத்தமாதல், அணியப்படுத்துதல் என்னும் பொருள்கள் உண்டு. 1645இல் மறைந்த வாள்வீரர் மியமோத்தோ முசாஷி மேல், நடு, கீழ், வலப்பக்கம், இடப்பக்கம் என ஐந்து கமாயேக்களை வகுத்தார். ஆயினும் எதிரியை வெட்டுவதே நோக்கம், நிற்பு அதற்கான கருவி மட்டுமே என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

ஸ்டான்ஸுக்கு நேரான தமிழ்ச்சொல் ‘நிலை’யே என்பதற்குப் பழைய சான்று உண்டு. வில்லாளர் அம்பெய்ய நிற்கும் முறைகளைப் பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என நான்காகப் பகுத்து, அவற்றை ‘வில்லோர் நிலை’ என்றே நம் முன்னோர் வழங்கினர். வகைப் பெயர்கள் வடமொழி வழியானவை. அவற்றைத் தொகுக்கும் சொல் தமிழ்.

ஆனால் வில்லோர் நிலையைப் பின்பற்றி ‘வாள்நிலை’ என்று ஆக்கிவிடலாகாது. போர் முதலிய புறப்பொருள்களுக்கு இலக்கணம் கூறும் புறப்பொருள் வெண்பாமாலையின் வஞ்சிப்படலத்தில் ‘வாள்நிலை’ ஒரு துறையின் பெயர். பகைமேற் செல்லக் கருதிய மன்னன் நல்ல நாளில் வாளைப் புறவீடு விடுதலை, அதாவது தனக்கு முன்னே வெளியே அனுப்பிவைப்பதை, அது குறிக்கிறது. அதுபோலவே மேல்நிலை, நடுநிலை, கீழ்நிலை என்று நேராகப் பெயர்த்தால் முதலாவது பள்ளியையும், இரண்டாவது சார்பின்மையையும், மூன்றாவது தாழ்வையும் நினைவூட்டும். வாளை உயர்த்துவதற்குத் தமிழில் ‘ஓங்குதல்’ என்ற வினை இருக்கிறது. முன்னே பிடிப்பதற்கு ‘ஏந்துதல்’ இருக்கிறது. எனவே ஓங்கு நிலை, ஏந்து நிலை, தாழ்த்து நிலை என்பவையே பொருத்தமானவை என்று கருதுகிறேன். ‘லெவல்’ என்பதையும் ‘நிலை’ என்றே எழுதும் வழக்கம் குழப்பம் விளைவிக்கும். அதற்குப் ‘படி’யைக் கொடுத்துவிடலாம்.

‘ஸ்கில்’ பற்றியும் ஒரு சொல். வேறுபாடு, பகுத்தறிதல் என்னும் பொருளுடைய பழைய நோர்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது அது. நம் ‘திறம்’ என்பதும் ஆற்றலோடு வகை, கூறுபாடு என்னும் பொருள்களைத் தாங்குவது. ஆகவே வீரன் ஈட்டும் ஆற்றலைத் ‘திறன்’ என்றும், அதனால் அவன் வீசும் தனித்தனி வெட்டை ‘வீச்சு’ என்றும் பிரித்து வழங்கினால், ‘ஓங்கு நிலையில் இவ்வீச்சைப் பயன்படுத்தி, மூச்சு மீளும் நொடியில் தாழ்த்து நிலைக்கு மாறுக’ என்று ஒரு வழிகாட்டியைத் தடையின்றி எழுத முடியும்.