கார் தண்ணீரில் விழுந்தால்: சீட் பெல்ட்டும் முதல் ஒரு நிமிடமும்

கல்லூரிகளிலும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிலும் தீயணைப்பு மீட்புப் பணியினராகிய நாங்கள் செயல்முறை விளக்கம் அளிக்கும்போது, தவறாமல் ஒருவர் எழுந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கார் ஆற்றிலோ கிணற்றிலோ விழுந்துவிட்டால் சீட் பெல்ட்டே நம்மைக் கட்டிப்போட்டுவிடாதா சார்?" பெரும்பாலும் இது சந்தேகமாகக் கேட்கப்படுவதில்லை, பெல்ட் போடாமல் ஓட்டுவதற்கான நியாயமாகவே முன்வைக்கப்படுகிறது. கேட்டவுடன் அரங்கில் பலர் தலையாட்டுவதையும் பார்த்திருக்கிறேன். மூழ்கிய வண்டிகளை மேலே எடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் கண்டதோ இதற்கு நேர்மாறானது.

கார் பெரும்பாலும் நேராகத் தண்ணீரில் போய் இறங்குவதில்லை. அதற்கு முன் மைல்கல், பாலத்தின் கைப்பிடிச் சுவர், கரையோர மரம், கால்வாயின் கான்கிரீட் சரிவு என்று ஏதாவது ஒன்றில் மோதுகிறது. அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், வேகமாக வரும் வண்டிக்குத் தண்ணீர்ப் பரப்பே கடினமான தடைதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடையில் மோதுவது, ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பெல்ட் இல்லாதவரின் தலை முன்கண்ணாடியிலும் நெஞ்சு ஸ்டியரிங்கிலும் போய் இடிக்கின்றன. பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர் முன்னிருக்கைக்காரரின் முதுகில் வந்து மோதுகிறார். அந்த அடியில் நினைவு தப்பிவிட்டால், அடுத்து வரும் தண்ணீருக்கு எதிராக அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. தப்பிப்பதற்கு முதலில் நினைவு வேண்டும், கை கால் அசைய வேண்டும். அந்த இரண்டையும் காப்பாற்றிக் கொடுப்பது பெல்ட்தான்.

பாசனக் கால்வாய் ஒன்றிலிருந்து கிரேன் வைத்துத் தூக்கிய ஒரு காரில் இது கண்கூடாகத் தெரிந்தது. ஓட்டுநர் பக்கத்து பெல்ட் கழற்றப்பட்டுத் தூணுக்குள் சுருண்டிருந்தது; கண்ணாடி முக்கால்வாசி இறங்கியிருந்தது; அவர் அந்த வழியாக வெளியேறிக் கரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் பெல்ட்டின் நாக்கு கொக்கிக்குள் மாட்டியே இருந்தது, ஆனால் பட்டை இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவே போயிருந்தது. எச்சரிக்கை மணி அடிக்காமல் இருப்பதற்காக முதுகுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்த இருக்கைக்கு நேர் எதிரே முன்கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற வட்ட விரிசல் இருந்தது. அந்த இருக்கையில் இருந்தவரை நாங்கள்தான் வெளியே எடுத்தோம்.

மணியை நிறுத்துவதற்கென்றே விற்கப்பட்ட உலோகக் கிளிப்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அவற்றை நீக்குமாறு உத்தரவிட்டது. கார் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் இன்றும் எடுத்துக் கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம். பெல்ட் அணியாததற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின் கீழ் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. பின்னிருக்கையில் முன்னோக்கி அமர்பவர்களுக்கும் பெல்ட் கட்டாயம் என்பதை 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் இறந்த பிறகுதான் பலர் கேள்விப்பட்டார்கள்.

இனி, அந்தக் கொக்கி தண்ணீருக்குள் சிக்கிக்கொள்ளுமா என்ற பயத்துக்கு வருவோம். வண்டி சாய்ந்தாலோ திடீரென இழுபட்டாலோ பூட்டிக்கொள்வது தூணுக்குள் இருக்கும் சுருள்தான். இடுப்போரம் இருக்கும் கொக்கி அல்ல. சிவப்புப் பொத்தான் தனி இயக்கம், நனைந்தாலும் அழுத்தினால் விடும். பட்டையில் உடல் எடை முழுவதும் தொங்கும்போது மட்டும் பொத்தானைக் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். வண்டி தலைகீழாகக் கிடந்தால், ஒரு கையைக் கூரையில் ஊன்றி, கால்களை முட்டுக் கொடுத்து, உடலின் பாரத்தைப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டு மறு கையால் அழுத்துங்கள். இல்லாவிட்டால் கழுத்து மடங்க விழ நேரிடும். எனக்குத் தெரிந்து, கொக்கி பழுதாகி மாட்டிக்கொண்டவர்களைவிட, பதற்றத்தில் கை கொக்கியைத் தேடி அலைந்தவர்களே அதிகம். துப்பட்டாவோ முந்தானையோ பையோ அதன்மேல் மூடிக் கிடக்கும். அமர்ந்தவுடன் கொக்கி கைக்கு எட்டும்படி வெளியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது ஒரு நொடி வேலை.

தண்ணீரில் விழுந்த கார் உடனே மூழ்குவதில்லை. கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், உள்ளே ஆட்களை அமர்த்திய உண்மையான கார்களையே தண்ணீரில் இறக்கிப் பல சோதனைகள் நடத்தியவர். கார் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை மிதக்கிறது, அதில் முதல் ஒரு நிமிடம்தான் தப்பிப்பதற்கான நேரம் என்பது அவர் கண்டது. எஞ்சின் கனத்தால் முன்பக்கம் முதலில் அமிழும், பின்பக்கம் சற்று உயர்ந்து நிற்கும். அவர் சொல்லும் வரிசை எளிமையானது: பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, குழந்தைகளை முதலில் அனுப்பிவிட்டு நீயும் உடனே வெளியேறு. செல்பேசியை எடுத்து 112-ஐ அழைப்பது இந்த வரிசையில் இல்லை. எங்கள் வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும் ஒரு நிமிடத்தில் வந்து சேராது. அழைப்பைக் கரையில் நின்றுகொண்டு செய்யுங்கள்.

கதவைத் திறக்க முயல்வதுதான் இயல்பாக எல்லோரும் செய்யும் தவறு. ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் மேல் வெளியே அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே, அதை அழுத்தும் விசை சுமார் 125 கிலோ எடைக்குச் சமம். ஒரு மீட்டர் உயரம் ஏறினால் அது 500 கிலோ ஆகிவிடும். ஆழம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும் என்பது பள்ளிக் கணக்குதான். மிதக்கும் தொடக்க நொடிகளில் முழுப் பலத்தோடு தள்ளி ஒருவர் கதவைத் திறந்துவிட்டாலும், திறந்த வாய் முழுக்கத் தண்ணீர் புகுந்து, மற்றவர்கள் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் கார் மூழ்கிவிடும்.

ஆகவே வழி கண்ணாடிதான். நீர்மட்டம் கண்ணாடியின் கீழ் விளிம்பைத் தொடுவதற்கு முன் அது இறங்கியாக வேண்டும். தண்ணீர் பட்டவுடன் பவர் விண்டோ செத்துவிடும் என்று நினைக்கிறார்கள். பொதுவாகச் சிறிது நேரம் வேலை செய்யும். ஆனால் வெளிநீர் கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்தத் தொடங்கினால் மோட்டாரால் அதை நகர்த்த முடியாது. சாவியை அணைத்துவிடாதீர்கள். பின்கண்ணாடிகளைப் பிள்ளைகள் இறக்காமலிருக்க ஓட்டுநர் பூட்டி வைத்திருப்பார், பின்கதவுகளில் சைல்டு லாக்கும் போட்டிருக்கும். அப்படியிருந்தால் பின்னால் இருப்பவர்களின் உயிர் ஓட்டுநர் கதவிலுள்ள பொத்தான்களில்தான் இருக்கிறது. நான்கு கண்ணாடிகளையும் அவரே இறக்க வேண்டும். கண்ணாடி இறங்கியதும் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும், கார் வேகமாக மூழ்கவும் செய்யும். அதைப் பார்த்து மீண்டும் ஏற்றிவிடாமல் அந்தக் கணமே வெளியேற வேண்டும். விவரம் புரியும் பெரிய பிள்ளையை முதலில் அனுப்பிவிட்டு, சிறு குழந்தையைப் பெரியவர் அணைத்தபடி வெளியேறுவது நல்லது.

கண்ணாடி இறங்கவில்லை என்றால் உடைக்க வேண்டும். முன்கண்ணாடியில் கை வைக்காதீர்கள்; அது இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்த லேமினேட்டட் கண்ணாடி, விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் டெம்பர்டு வகை. கூரான முனையால் அடித்தால் பொடிப்பொடியாக உதிரும். நடுவில் அடிப்பதைவிட ஓரத்து மூலையில் அடிப்பது பலன் தரும். ஆனால் விலை உயர்ந்த சில புதிய கார்களில், சத்தத்தைக் குறைப்பதற்காகப் பக்கத்துக்கும் லேமினேட்டட் கண்ணாடி போடுகிறார்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் ஆறு கருவிகளைச் சோதித்தபோது, அவற்றில் நான்கு டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன, லேமினேட்டட்டை ஒன்றுகூட உடைக்கவில்லை. உங்கள் காரில் எது என்பது கண்ணாடியின் ஓரத்திலுள்ள சிறு முத்திரையில் இருக்கும். புரியாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். கருவி வாங்குவதானால், ஸ்பிரிங் வைத்த, கண்ணாடியில் வைத்து அழுத்தினாலே உடைக்கும் வகையை வாங்குங்கள். தண்ணீருக்குள் சுத்தியலை ஓங்க முடியாது. அதைப் பூட்டிய டேஷ்போர்டுக்குள்ளோ டிக்கியிலோ வைப்பதில் பயனில்லை. பெல்ட்டில் கட்டுண்ட நிலையிலும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஹெட்ரெஸ்டைப் பிடுங்கி அதன் கம்பியால் உடைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகளை நம்பி இருந்துவிட வேண்டாம். அது உடைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, பல கார்களில் கழற்றுவதே கடினம்.

எல்லாம் தவறி, கார் முழுவதும் நிரம்பி மூழ்கிவிட்டால், உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகிக் கதவு திறக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்காகக் காத்திருப்பதைத் திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது. இருட்டில், சேற்றுநீரில், மூச்சை அடக்கிக்கொண்டு அதுவரை நிதானத்தோடு இருப்பவர்கள் அரிது. கவிழ்ந்து முழுக மூழ்கிய நிலை ஒன்றில் மட்டும் வரிசை மாறும்: கடலுக்கு மேல் பறக்கும் ஹெலிகாப்டர் பயணிகளுக்குப் பயிற்சி தரும்போது, முதலில் ஒரு கையால் சன்னல் விளிம்பைப் பிடித்து வழியைத் திறந்துகொண்ட பிறகே பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள். பெல்ட் விட்டவுடன் உடல் மிதந்து, எது மேல் எது கீழ் என்ற திசை போய்விடும் என்பதே காரணம்.

நம் ஊரில் அதிகம் கவலைப்பட வேண்டியவை ஆறுகளைவிட ரயில்வே சுரங்கப்பாதைகளும், சாலையோரத்தில் சுற்றுச்சுவர் இல்லாமல் கிடக்கும் கிணறுகளும்தான். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி, அதை ஓட்டிச் சென்ற பெண் மருத்துவர் உயிரிழந்தார். 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் ஓர் இளம்பெண் இறந்தார். சுரங்கப்பாதையில் அதிர்ச்சியான மோதல் எதுவும் நடப்பதில்லை. எஞ்சின் நின்றுவிடுகிறது, தண்ணீர் மெதுவாக ஏறுகிறது, உள்ளே இருப்பவர்கள் மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கிறார்கள். வண்டி பாழாகுமே, உள்ளே தண்ணீர் வருமே என்று கண்ணாடியை இறக்கத் தயங்குகிறார்கள். எஞ்சின் நின்ற அந்த நொடியிலேயே பெல்ட்டைக் கழற்றிக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு நடந்து மேட்டுக்குப் போய்விட வேண்டும். ஓடும் வெள்ளத்தில் ஓரடி ஆழமே சிறிய காரை மிதக்கவிடும், இரண்டடி ஆழம் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் சென்றுவிடும்; ஆகவே ஆழம் தெரியாத தண்ணீருக்குள் இறங்காமல் திரும்பிவிடுவதே மேல்.

கிணறு இதைவிடக் கடுமையானது. 2025 மே மாதம் சாத்தான்குளம் அருகே மீரான்குளத்தில் ஆம்னி வேன் சாலையோரக் கிணற்றுக்குள் பாய்ந்ததில் குழந்தை உட்பட ஐந்து பேர் இறந்தனர், மூவர் தப்பினர். கிணற்றில் வண்டி மூக்குக் குத்தி இறங்குவதால் மிதக்கும் நேரம் குறைவு, இரு பக்கமும் சுவர் நெருங்கியிருந்தால் கதவுக்கு இடமே இருக்காது. பின்பக்கக் கண்ணாடிதான் மேலே இருக்கும். வெளியே வந்தவர்கள் மோட்டார் குழாயையோ படிக்கல்லையோ பிடித்துக்கொண்டு காத்திருக்கலாம்; மேலே நிற்பவர்கள் நீச்சல் தெரியும் என்று உடனே குதிக்காமல், கயிறு, டியூப் என்று எதையாவது முதலில் இறக்குங்கள்.

மூச்சில்லாமல் வெளியே எடுக்கப்பட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் கிராமங்களில் இன்னும் நடக்கிறது. அதில் வெளியே வருவது பெரும்பாலும் வயிற்றிலுள்ள நீரும் உணவும்தான். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நிலைமை மோசமாகும். மல்லாக்கப் படுக்க வைத்து, கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்ற நினைவோடு தலையை அதிகம் அசைக்காமல், முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 30 முறை அழுத்தம், 2 முறை மூச்சு என்று 108 வரும்வரை விடாமல் தொடருங்கள். தானாக எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்பவரையும், இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நுரையீரலுக்குள் போன நீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் கூடக்கூடும்.