வீட்டைப் பூட்ட முன் ஹீற்றரை வடித்துவிடுங்கள்

ஜேர்மனியிலும் சுவிஸிலும் கேரவன் வான் வைத்திருக்கிற எங்கள் ஆட்களுக்கு ஒக்டோபர் முடியும்போது ஒரு கட்டாய வேலை இருக்கிறது. வானில் பூட்டியிருக்கும் ஹீற்றரில் சொட்டுத் தண்ணீர் நிற்காமல் வடிக்க வேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். சின்னத் தாங்கிக்குள் அதற்கு இடம் இல்லாவிட்டால் தாங்கியின் ஒட்டோ, பிளாஸ்ரிக் மூட்டோ, பித்தளை வால்வோ, எது பலவீனமோ அது வெடிக்கும். உறைந்து கிடக்கும்வரை ஒன்றும் தெரியாது. குளிர் விட்டு மோட்டரைப் போட்ட பிறகுதான் வான் தரை எல்லாம் தண்ணீர். இதற்காகவே சில ஹீற்றர்களில், 3 பாகைக்குக் கிட்ட வெப்பநிலை இறங்கியதும் தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விடுகிற வால்வு இருக்கிறது. விடிய எழும்பிப் பார்த்தால் தாங்கி காலி, ஹீற்றர் பழுதாகிவிட்டது என்று புதிதாக வான் வாங்கியவர்கள் பதறுவார்கள். வால்வு தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. உறைபனிச் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று கையேட்டிலேயே இருப்பதால் அனுபவம் உள்ளவர்கள் இதில் அசட்டையாக இருப்பதில்லை.

அதே ஆட்கள்தான் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து ஒரு மாதம் நின்றுவிட்டு, திறப்பைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, குளியலறை ஹீற்றர் நிறையத் தண்ணீரோடு விமானம் ஏறுகிறார்கள். கேட்டால், "இங்க என்ன தம்பி, ஐஸே விழப்போகுது?" என்பார்கள். சரி, விழாது. இலங்கையில் உறைபனி என்றால் நுவரெலியாப் பக்கம் தை, மாசி விடியற்காலையில் புல் வெளுக்கிற அளவுதான். ஆனால் ஹீற்றரைக் கெடுக்க யாழ்ப்பாணத்துக்குக் குளிர் தேவையில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரே போதும்.

குடாநாடு சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மழைத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள் இறங்கி, அதைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. ஒரு லீற்றரில் 180 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை இருந்தால் அது மிகக் கடினமான நீர். வலிகாமத்தில் பல கிணறுகள் இதைத் தாண்டும். கரைந்து வந்த சுண்ணாம்பு சூடு பட்டதும் திரும்பக் கல்லாகிப் படியும். தேத்தண்ணிக் கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் பிடிப்பது அதுதான். கேத்தலை உள்ளே பார்க்கலாம், கழுவலாம். ஹீற்றரின் உள்ளே யார் பார்க்கிறார்கள்?

கொக்குவிலில் ஒரு வீட்டில் அண்மையில் கழற்றிய, தண்ணீரைச் சூடாக்குகிற கொயில், விரல் மொத்தத்தில் இருக்க வேண்டியது, பனங்கிழங்கு மாதிரிப் பருத்திருந்தது. போட்ட துவாரத்தால் வெளியே வர மாட்டேன் என்றது. தட்டித் தட்டி உடைத்துத்தான் எடுத்தோம். தாங்கியின் அடியில் உதிர்ந்து கிடந்த துண்டுகளைக் கையால் அள்ளவேண்டி இருந்தது. அந்த வீட்டில் ஹீற்றர் ஓடியது வருடத்தில் சில வாரங்கள்தான். கல் மூடிய கொயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து, மேல் உறை வெடித்து, உள்ளே ஈரம் புகும். அப்போது, மின்கசிவு என்றதும் மின்சாரத்தை வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் விழும். விழவேண்டும், அதற்குத்தான் அது இருக்கிறது. "அடிக்கடி விழுது" என்று அதைக் கழற்றி நேரடி இணைப்புக் கொடுத்து வைத்திருக்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அப்படி வயர் பண்ணிக் கொடுக்கிறவரை இரண்டாம் தரம் வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

கரையோரப் பக்கம் இதோடு சவர்த் தண்ணீரும் சேரும். தாங்கி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். துரு தாங்கியைத் தின்னாமல் முதலில் அந்தக் கம்பியைத் தின்னும், அவ்வளவுதான் அதன் வேலை. உப்புத் தண்ணீரில் கம்பி வேகமாகக் கரையும். வருடத்துக்கு ஒரு தரம் கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றவேண்டும். பூட்டிய வீட்டில் கம்பி முடிந்துபோனால் தாங்கி சத்தமில்லாமல் ஓட்டையாகும். அதற்குப் பிறகு நடப்பதுதான் மோசம்: மேல் தாங்கித் தண்ணீர் அந்த ஓட்டையால் இறங்கும், மிதவை சுவிட்ச் மோட்டரைத் தானாகப் போடும், கிணறு குளியலறைக்குள் இறைபடும். மின்சார பில் ஏறிய பிறகுதான் கனடாவில் இருக்கிறவருக்குச் செய்தி போகும்.

இரண்டு மூன்று கிழமைப் பயணம் என்றால் மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை அடைத்தால் போதும், வடிக்கத் தேவையில்லை. மாதக்கணக்கு என்றால் வடியுங்கள். வெறும் தாங்கிக்கு மக்னீசியக் கம்பி உதவாதே, நிறைத்து வைப்பதுதான் நல்லது என்று சொல்லும் தொழிலாளிகளும் உண்டு. நல்ல தண்ணீர் உள்ள ஊரில் அது சரியாக இருக்கலாம். எங்கள் தண்ணீருக்கு என் முடிவு வடிப்பதுதான்.

சுவரில் பூட்டுகிற சாதாரணத் தாங்கி ஹீற்றருக்கு முறை இது. முதலில் பிரேக்கரை நிறுத்துங்கள், குளியலறைச் சுவிட்ச் மட்டும் போதாது. சூட்டுக் குழாயைத் திறந்து, வருகிற தண்ணீர் ஆறும்வரை ஓடவிடுங்கள். பிறகு ஹீற்றருக்குப் போகிற குளிர்நீர் வால்வை அடையுங்கள். சூட்டுக் குழாயைத் திறந்தபடியே விடவேண்டும், காற்று உள்ளே போகாமல் தண்ணீர் கீழே வராது. கீழே ஒரு வாளியை வைத்து, சேப்டி வால்வின் சின்னக் கைபிடியைத் தூக்கிப் பிடியுங்கள். மெதுவாகத்தான் வடியும், அவசரப்படக் கூடாது. ஒரு சொட்டும் வராவிட்டால் அந்த வால்வும் கல் பிடித்து இறுகிவிட்டது. அப்படியானால் அதை அன்றே மாற்றவேண்டும். தெர்மோஸ்டாற் பழுதாகிச் சூடு கட்டுமீறினால் அழுத்தம் வெளியேறுகிற வழி அது. சூடாகும்போது அது இரண்டு சொட்டுச் சிந்துவது வழமை. ஒழுகுகிறது என்று அடைத்துவிடாதீர்கள்.

வடித்த பிறகு பிரேக்கரின் மேல், 'தண்ணீர் இல்லை, போடாதே' என்று ஒரு துண்டு ஒட்டுங்கள். வீடு கூட்ட வருகிறவர் லைற் போட எல்லாப் பிரேக்கரையும் தட்டிவிடுவார். வெறும் தாங்கிக்குள் கொயில் எரிய அதிக நேரம் எடுக்காது.

கொயிலைக் கழற்றியிருந்தால் வினாகிரியிலோ சிற்றிக் அமிலக் கரைசலிலோ ஓர் இரவு ஊறவிடுங்கள், கல் கரையும். கக்கூஸ் கழுவுகிற அசிட்டை ஹீற்றருக்குள் ஊற்றவே கூடாது, தாங்கியின் உள்பூச்சும் செம்பும் போய்விடும். சுரண்டுவதற்கு இஸ்குரூ டிரைவரும் வேண்டாம்.

திரும்பி வந்ததும் களைப்பில் நேரே ஷவருக்குக் கீழே நிற்காதீர்கள். மாதக்கணக்காக மூடிக் கிடந்த குழாய்களில் லெஜியோனெல்லா என்ற பக்ரீரியா வளரலாம். 1976 இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படையினரிடையே பரவிய நியூமோனியாவை ஆராய்ந்துதான் அதை அடையாளம் கண்டார்கள். 20 முதல் 45 பாகை வரை அதற்குப் பிடித்த சூடு, எங்கள் வீடுகளில் தண்ணீர் வருடம் முழுக்க அதற்குள்தான் நிற்கிறது. குடிப்பதால் அல்ல, ஷவரின் நுண்துளிகள் மூச்சோடு போவதால்தான் பெரும்பாலும் தொற்றும். வயதானவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். அதனால் ஜன்னலைத் திறந்து, ஷவர்த் தலையைக் கழற்றி, எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். ஹீற்றரை நிரப்பி, சூட்டுக் குழாயில் காற்று துப்பாமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகு மட்டும் மின்சாரத்தைப் போடுங்கள். தெர்மோஸ்டாற்றை 60 இல் வையுங்கள். அதற்குக் கீழே கிருமி தப்பும், மேலே போகப் போகக் கல் வேகமாகப் படியும்.

கூரையில் கண்ணாடிக் குழாய் சோலார் ஹீற்றர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பூட்டிப் போகும்போது குழாய்களை வெயில் படாமல் மூடிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து நிரப்புவதென்றால் விடிய வெள்ளெனச் செய்யுங்கள். நடுப்பகல் வெயிலில் வெறுமையாய்க் காய்ந்த குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீர் விட்டால் கண்ணாடி அந்த இடத்திலேயே வெடிக்கும்.