டிசம்பர் பூச்செடியைக் கத்தரிக்க ஏற்ற காலம் ஒன்று இருக்கிறது

"செடி புதர் மாதிரி நிக்குது, பூவைத்தான் காணோம்." குளிர்காலத்தில் தோட்டப் பராமரிப்புக்குப் போகும் இடங்களில் நான் அதிகம் கேட்கும் குறை இது. கடைசியாக எப்போது வெட்டினீர்கள் என்று கேட்பேன். "செப்டம்பர் கடைசியில அழகா கத்தரிச்சு விட்டேனே" என்பார்கள். அங்கேதான் தவறு நடந்திருக்கிறது.

டிசம்பர் பூ, அந்த ஆண்டு வளர்ந்த கிளைகளின் மேல்பகுதியில்தான் பூக்கிறது. இலைக்கும் தண்டுக்கும் நடுவே, ஓரத்தில் முள் முள்ளாக இருக்கும் செதில்கள் முதலில் திரளும். அவற்றுக்குள்ளிருந்து மொட்டு நீளும். பருவம் நெருங்கும்போது அந்த நுனிகளை வெட்டினால், வரவேண்டிய பூவையும் சேர்த்தே வெட்டிவிடுகிறோம்.

பூ ஓய்ந்த பிறகு, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ கவாத்து செய்யுங்கள். தரையிலிருந்து ஓர் அடி விட்டு மீதியை எடுத்துவிடலாம். முதல் முறை யாருக்கும் மனசு வராது. ஆனால் வெட்டாமல் விட்ட செடி இரண்டே வருடத்தில் அடியில் மொட்டையாகி, குச்சி குச்சியாக நீண்டு, உச்சியில் மட்டும் நாலு பூ வைக்கும். வெட்டிய இடத்தில் வரும் துளிர் அரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். ஒரு கிளை இரண்டாகப் பிரியும். இந்தக் கிள்ளுதலையும் ஜூலையோடு நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு காய்ந்த குச்சியைத் தவிர எதையும் தொடாதீர்கள்.

வேளை தவறாமல் வெட்டியும் பூக்கவில்லையா? உரத்தைப் பாருங்கள். யூரியா போன்ற தழைச்சத்து அதிகமானால் இலை கரும்பச்சையாகத் தழைக்கும், பூ குறையும். கவாத்து முடிந்ததும் இரண்டு கை மக்கிய தொழுவுரம் போட்டால் இந்தச் செடிக்குப் போதும். நாளுக்கு நாலைந்து மணி நேர வெயிலும் வேண்டும். தண்ணீர், மேல்மண் காய்ந்த பிறகு. வேரில் நீர் தேங்கினால் இலை மஞ்சளாகும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றிச் செடியைச் சாகவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

மாவுப்பூச்சி கணுக்களில் வெள்ளையாக ஒட்டியிருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

கவாத்தில் விழுந்த குச்சிகளை எறிய வேண்டாம். மூன்று கணு உள்ளதாக நறுக்கி, ஈர மணலில் நிழலில் ஊன்றினால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். ஊதாவும் வெள்ளையும் கோடிட்ட வகை உங்களிடம் இருந்தால், அதே நிறம் வருவதற்குக் குச்சியைத்தான் நம்பலாம். விதையிலிருந்தும் வளரும். ஆனால் காய் முற்றினால், அதன் உறவான கனகாம்பரம் போலவே வெடித்து விதையைச் சிதறவிட்டுவிடும். காய் பழுப்பாகும்போதே மெல்லிய துணிப்பையைக் கிளையில் கட்டி வைத்துவிடுங்கள்.