மூட்டு வலி, போர் தண்ணீர், தவறிப்போகும் நோய்க்கணிப்பு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒரு ஃபைலைப் பார்க்கலாம். நாற்பது வயதுப் பெண். சில வருடங்களாகக் கை கால் குடைச்சல். காலையில் எழுந்தால் இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. முதல் சீட்டில் ‘முடக்குவாதம்’ (மூட்டுகள் வீங்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று எழுதியிருக்கிறது. சேலத்துச் சீட்டிலும் அதே. பெங்களூரு சீட்டில் ‘ஏற்கெனவே முடக்குவாதம் உள்ளவர்’. மூன்று நிபுணர்கள் ஒரே முடிவுக்கு வந்தது போலத் தெரியும். உண்மையில் நோயைக் கணித்தவர் ஒருவர்தான். மற்ற இருவரும் அவர் எழுதியதைப் படித்திருக்கிறார்கள்.

குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் எந்தச் சீட்டிலும் இருக்காது.

இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி கருங்கல் பாறைதான். பாறையில் உள்ள புளோரைடு ஆழ்துளைக் கிணற்று (போர்) நீரில் கரைகிறது. அளவு மீறிப் பல வருடம் குடித்தால் அது எலும்பில் சேர்ந்து இதே போன்ற வலியைத் தரும்; அதுதான் எலும்பு புளோரோசிஸ். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் இந்த அளவைத் தாண்டிய போர் தண்ணீர் புதிதல்ல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்ததன் பின்னணியும் இதுதான். ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாளில், தோட்டத்துக் கொட்டகையில், செங்கல் சூளையில் குடிப்பது பழைய போர் தண்ணீரையே. புளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. சுண்ணாம்புச் சத்து குறைந்து, சோப்பு நன்றாக நுரைக்கிற ‘நல்ல தண்ணீரில்’தான் பல நேரங்களில் அது அதிகம். ஃபில்டர் விற்பவர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் உப்பின் மொத்த அளவைத்தான் சொல்லும், புளோரைடைத் தனியாகக் காட்டாது.

இதெல்லாம் மருத்துவருக்குத் தெரியாதா? தெரியும். எலும்பு புளோரோசிஸ் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, தேர்வில் எழுதியும் இருப்பார். ஆனால் இரண்டு நிமிடத்தில் ஒரு நோயாளி என்று ஓடும் ஓ.பி.யில், பொருந்துகிற முதல் விடை கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர் லேசாகப் பாசிட்டிவ் வந்தால் போதும். எந்த நோயும் இல்லாதவர்களிலேயே நூற்றில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு அது பாசிட்டிவ் வரும், வயதானால் இன்னும் அதிகம். முடக்குவாதத்தில் விரல் கணுக்கள் வீங்கும், உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பெரும்பாலும் ஏறியிருக்கும். புளோரோசிஸில் வீக்கம் பெரிதாக இருக்காது, இந்த இரண்டும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வலி மட்டும் மாத்திரைக்கு அடங்காது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைத் தொடங்கினால், தேவையில்லாத மருந்துக்காக ஈரலைக் கண்காணிக்கும் நிலை வரும்.

பல் இன்னொரு பொறி. பல்லில் காவிக்கறை இருந்தால் சந்தேகம் வருகிறது. பல் வெள்ளையாக இருந்தால் புளோரைடு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல்லின் எனாமல் உருவாவது எட்டு வயதுக்குள். அந்த வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்குத்தான் கறை வரும். வேறு மாவட்டத்திலிருந்து மருமகளாக வந்து பதினைந்து, இருபது வருடம் இங்கே தண்ணீர் குடித்தவருக்குப் பல் பளிச்சென்று இருக்கும், எலும்பு கெட்டிருக்கும். எலும்பு அடர்த்தி ஸ்கேனும் ஏமாற்றும். எண் அதிகமாக வருவதால் ‘எலும்பு நல்ல பலமாக இருக்கிறது’ என்று ரிப்போர்ட் தருவார்கள். அடர்த்தி கூடியிருக்கும், உறுதி கூடியிருக்காது.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது எளிது. முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடச் சொல்ல வேண்டும். தாடையை மார்பில் படவைக்க, இரு கைகளையும் பின்னந்தலையில் கோக்கச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு ஒரு எக்ஸ்ரே. அங்குள்ள இரண்டு எலும்புகளுக்கும் நடுவே ஒரு சவ்வு உண்டு. சாதாரணமாக எக்ஸ்ரேயில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். முற்றிய புளோரோசிஸில் எலும்பின் உள்விளிம்பிலிருந்து வெள்ளையாக முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். முதுகு வலிக்கு முதுகை மட்டும் படமெடுக்கிற வழக்கத்தில் இது கண்ணில் படுவதே இல்லை. தொடக்கக் கட்டத்தில் எக்ஸ்ரே முழுக்கச் சரியாகவும் இருக்கலாம், அப்போது தண்ணீர்ப் பரிசோதனையும் சிறுநீர் புளோரைடும்தான் துணை. சிறுநீர்க் கணக்கு இப்போது உடலுக்குள் போவதைத்தான் காட்டும், பத்து வருடம் எலும்பில் சேர்ந்ததைக் காட்டாது.

நிபுணரின் தவறு திருந்தாமல் நீடிக்க முக்கியக் காரணம் வேறொன்று: அவருக்குச் செய்தி திரும்பி வருவதில்லை. மருந்து கேட்காத நோயாளி சண்டை போடுவதில்லை. அடுத்த ஊர் டாக்டரைத் தேடிப் போய்விடுகிறார். முதல் டாக்டர் ‘குணமாகிவிட்டார் போல’ என்று நினைத்துக்கொள்கிறார். இப்படி இருபது வருட அனுபவம் சேரும், அதோடு அதே தவறும் உறுதிப்படும். இடையில் வலி ஊசியும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையும் ஓடிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம்தான் புளோரைடை வெளியேற்ற வேண்டும். வலி மாத்திரை அந்தச் சிறுநீரகத்தையே கெடுத்தால் புளோரைடு இன்னும் அதிகமாக உடலில் தங்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அது இன்னும் ஆபத்தானது. இந்தப் பகுதியிலேயே பழகியவர்கள் எல்லா வலிக்கும் ‘உங்க ஊர் தண்ணிதான்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். வயதான ஆணுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெளேரென்று தெரிந்தால், புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தாலும் அப்படித்தான் தெரியும். புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் தண்ணீர் மேல் பழியைப் போடக் கூடாது. சாயந்திரக் காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்த முதுகு வலி என்றால் முதுகெலும்புக் காசநோயை விலக்கியாக வேண்டும். கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, சிறுநீர் அடைப்பது எந்தக் காரணத்தால் வந்தாலும் அன்றே எம்.ஆர்.ஐ. வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

நோயாளி செய்யக்கூடியது என்ன? தண்ணீரை ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள், கண்ணாடி வேண்டாம். போரைச் சில நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகு நிரப்புங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். வீட்டுக் குழாய், தோட்டத்துப் போர், வேலை செய்யும் இடம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கோடையிலும் மழைக்குப் பின்னும் அளவு மாறும், ஒரு ரிப்போர்ட்டை ஆயுசுக்கும் நம்ப வேண்டாம். கொதிக்கவைத்தால் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டிச் செறிவு கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் யு.வி. கருவியும் இதற்கு உதவாது; ஆர்.ஓ. அல்லது ஆக்டிவேட்டட் அலுமினா நிரப்பிய ஃபில்டர் வேண்டும். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், சோறு பொங்க போர் தண்ணீர் என்று பிரித்தால் பாதிப் பயன்தான். கடுந்தேநீரிலும் புளோரைடு உண்டு. கேழ்வரகுக் களியின் சுண்ணாம்புச் சத்து நல்லது, ஆனால் அது தண்ணீரை மாற்றுவதற்குப் பதிலாகாது.

டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டி, ‘இது முடக்குவாதம் இல்லாமல் வேறு எதுவாக இருக்கலாம்?’ என்று கேளுங்கள். கோபப்படுகிறவர் குறைவுதான். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. தண்ணீரை மாற்றியபின் தொடக்க நிலை வலி சில மாதங்களில் குறையத் தொடங்க வேண்டும். குறைந்தாலும் குறையாவிட்டாலும் அதே டாக்டரிடம் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். குறையாவிட்டால், புளோரோசிஸ் என்று எழுதிய சீட்டையும் ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.